நடுத்தர அளவு

பெட்டியில் எழுதியிருந்தது: நடுத்தர அளவு.
எந்த நாட்டு நடுத்தரம் என்று எழுதவில்லை.
நான் ஐந்தடி ஓரங்குலம்.
சீற்றை அடிவரை இறக்கிவிட்டு
இனி இறங்க இடமில்லை என்றான் களஞ்சியத்து நிரோஜன்.
"கால் நிலத்தில படுகுதோ அக்கா?"
பட்டது, பெருவிரல் மட்டும்.
கைபிடியோ எட்டத்தில்,
பந்தியில் அடுத்தவர் இலைக்கு மேலால்
உப்பை எட்டி எடுப்பதுபோல.

கன்று நிறுக்கும் தராசில் ஏற்றிப் பார்த்தோம்.
இருபத்து நாலரைக் கிலோ.
கலப்பினப் பசு ஈன்ற அன்றைக்குக்
கன்றும் ஏறக்குறைய இவ்வளவுதான்.
கன்றென்றால் தூக்கத் தெரியும் எனக்கு.
முன்னங்கால் பக்கம் ஒரு கை, பின்னங்கால் பக்கம் ஒரு கை,
நெஞ்சோடு சேர்த்தால் பாரம் அடங்கிவிடும்.
இதை எங்கே அணைத்தாலும்
ஏதாவதொன்று சுழன்று முழங்காலைக் கடிக்கிறது.

கரியர் இல்லை.
மலையேறுகிறவர்களுக்கு எதற்குக் கரியர்
என்று நினைத்திருப்பார்கள்.
வன்னியில் மலையென்றால் குளக்கட்டு.
மாங்குளத்து வெல்டிங் கடையில் இரும்புச் சட்டம் பொருத்தி
நைதரசன் குடுவையைக் கட்டினேன்:
வெள்ளை ஆவிக்குள் முப்பது காளைகள்,
வைக்கோல் தண்டளவில், உறைந்து.
இன்னும் ஒன்பது கிலோ, எல்லாம் பின்னுக்கு.
கட்டேறும்போது முன்சில்லு
நிலத்தை மறந்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்கிறது.

ஆனாலும் அந்த ஓட்டம்.
தார் முடிந்து கிரவல் தொடங்கும் இடத்தில்
பெடலை ஒருதரம் மிதித்தேன்.
யாரோ முதுகில் உள்ளங்கை வைத்தார்கள்.
தள்ளவில்லை, வைத்தார்கள்.
அடுத்த மிதியில் பாலை வேர்கள்
சில்லுக்குக் கீழே கரைந்து போயின;
முன்சொக் குனிந்து எழுந்து
என் மணிக்கட்டுக்கு எதையும் சொல்லவில்லை.
நிறுத்தினால் மட்டும் உடனே நிற்காது.
நான் விட்ட பிறகும் ஓர் இமைப்பு இழுக்கும்,
வாக்குவாதத்தில் கடைசிச் சொல் தனதென்பவர்போல.

எங்கும் போகும் என்கிறது கையேடு.
போகும்தான். பாதையை விட்டு இறங்க
இன்னும் கால் கூசுகிற ஊர் இது.

செவ்வாய்க்கிழமை அம்பகாமத்திலிருந்து புலேந்திரன் எடுத்தார்.
காலையிலிருந்து பசு கத்துதாம்.
பின்னேரத்துக்குள் போகாவிட்டால்
இனி இருபத்தொரு நாள் காத்திருக்க வேண்டும்,
அவரும், பசுவும், வங்கிக் கடனும்.
வழியில் யானை லத்தி, புதுசு, ஆவி பறக்க.
பழைய மோட்டார் சைக்கிளென்றால்
என் வரவை முன்கூட்டியே காட்டுக்குச் சொல்லிவிடும்.
இது சொல்லாது. மணியை அடித்தேன்,
கடைக்குப் போகும் பிள்ளைபோல,
கிணிங் கிணிங், வீரை மரங்களுக்கு.
பயத்தில் வேகத்தைக் கூட்டினேன்.
பற்றரி ஒரு கோடாயிற்று. பிறகு அதுவுமில்லை.

அப்போதுதான் தெரிந்தது:
பாரம் எங்கும் போயிருக்கவில்லை.
இவ்வளவு நாளும் எனக்குச் சொல்லாமல்
யாரோ வைத்திருந்தார்கள்.
நாலு கிலோமீற்றர் மணலில்
அதை முழுசாகத் திருப்பிக் கொடுத்தார்கள்.

கடப்பில் நானும் புலேந்திரனும்
ஆளுக்கொரு பக்கம் பிடித்து உள்ளே இறக்கினோம்.
"செத்த மாடு மாதிரி இருக்கே, பிள்ளை."
வேலை பத்து நிமிசம்.
கை கழுவிவிட்டுத் திரும்பினால்
வெள்ளச்சி கயிற்றின் நீளம் முழுவதையும் இழுத்து
கைபிடியை நக்கிக்கொண்டு நின்றது,
என் வியர்வை உப்புக்கு, கண்ணை மூடி.

திட்டக்காரர் தந்த படிவத்தில்
ஓட்ட அனுபவத்துக்கு ஐந்து கட்டங்கள்.
மூன்றாவதில் புள்ளடி போட்டேன்.
குறிப்பில் எழுதினேன்: சிறிய அளவு இருந்தால் அனுப்பவும்.

அன்று இரவு திரும்பும்போது
புலேந்திரன் வீட்டில் ஒரு மணித்தியாலம் ஏற்றிய கரண்ட்,
எச்சிலில் வழுக்கும் கைபிடி,
பெருவிரல் மட்டும் எட்டுகிற நிலம்.
கட்டு வரைக்கும் தள்ளிக்கொண்டே நடந்தேன்.